பொதிகை இழுக்கிற மாதிரி ஆனைமுடி இழுக்கவில்லையே, ஏன்?

கல்லிடைவாசி (கேள்வி):

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வயல் வரப்பில் நின்று மேற்கே பார்த்தால் பொதிகையை விட்டுக் கண் நகராது. உயரம் 1,868 மீட்டர்தான். ஆனைமுடி 2,695, தொட்டபெட்டா 2,637. ஆனாலும் மலையேறுகிறவர்கள் பொதிகையைப் பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடுகிறது. ஏறுகிறவர்கள் மலைக்கு அழகு என்று எதைச் சொல்கிறார்கள்? உயரம் இல்லையென்றால் வேறு எதை வைத்து அளப்பது? விவரம் தெரிந்த அண்ணாச்சிமார் சொல்லுங்க. 'எல்லாம் மனசுதான்' என்று முடித்துவிடாமல், கண்ணால் பார்த்துச் சரிபார்க்கிற மாதிரி வேண்டும்.

கடனாநதி:

கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்பதைக் கண் பார்ப்பதில்லை தம்பி. மலை தன் காலடியிலிருந்து எவ்வளவு எழும்புகிறது என்பதைத்தான் பார்க்கிறது. ஊட்டி ஊரே 2,240 மீட்டரில் இருக்கிறது, அதற்கு மேல் தொட்டபெட்டா எழும்புவது 400 மீட்டர். ஆனைமுடி நிற்பது 2,000 மீட்டரை ஒட்டிய இரவிகுளம் மேட்டுநிலத்தில். மீதி 700 மீட்டர்தான் கண்ணுக்கு. அம்பை (அம்பாசமுத்திரம்) கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரம்கூட இல்லை, பொதிகை அங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 25 கி.மீ. இடையில் 1,800 மீட்டர் ஏற்றம், ஒளிவுமறைவு இல்லாமல்.

இதைக் கையாலேயே அளக்கலாம். கையை நீட்டி ஒரு கண்ணை மூடினால் சுண்டுவிரல் அகலம் ஒரு டிகிரி, நடு மூன்று விரலும் சேர்ந்து ஐந்து. அம்பையிலிருந்து பொதிகை நான்கு டிகிரி. முழுநிலவு அரை டிகிரிதான், ஆக எட்டு நிலவை அடுக்கிய உயரம். திருநெல்வேலியிலிருந்து (50 கி.மீ.) இரண்டு டிகிரிகூட வராது, பூமியின் வளைவே அடியில் 180 மீட்டர் போல விழுங்கிவிடும். அதற்காகக் கிட்டப் போகப் போகப் பெரிதாகும் என்றும் நினைக்க வேண்டாம். அடிவாரத்தை நெருங்கினால் முன்மலைகள் எழும்பிச் சிகரத்தை மறைத்துவிடும். நீங்கள் நிற்கிற வரப்புதான் சரியான தூரம்.

உலகம் கொண்டாடுகிற மலைகளையும் இதே கணக்கில் பாருங்க. சுவிட்சர்லாந்தில் செர்மாட் ஊரிலிருந்து மேட்டர்ஹார்ன் (4,478 மீ.) 18 டிகிரிக்கு மேல் எழும்பி நிற்கும். எவரெஸ்ட் 8,848 மீட்டர், ஆனால் நேபாளத்தின் தெங்போச்சே மடத்திலிருந்து பார்த்தால் நுப்சே–லோட்சே சிகரங்களின் சுவருக்குப் பின்னால் தலை மட்டும் தெரியும். அதே இடத்தில் 6,812 மீட்டர் அமா தப்லம் 16 டிகிரிக்கு நிற்கிறது. அங்கே போகிறவர்கள் அதிகம் படம் எடுப்பது எதை என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று தனிமை. செங்கோட்டை–ஆரியங்காவுக் கணவாய் நம் மலைத்தொகுதியை ஏலமலையிலிருந்து வெட்டிவிடுகிறது. அந்தப் பள்ளத்துக்குத் தெற்கே பொதிகையை மிஞ்சிய தலை கிடையாது.

கருங்கல்:

கடனாநதி அண்ணாச்சி சொன்னது பார்க்கிறவனின் அழகு. ஏறுகிறவன் கண் வேறு ஒன்றையும் தேடும், அது வழி. அடியிலிருந்து உச்சிவரை ஒரே இழுப்பாக ஓடுகிற முகட்டுக்கோடு தெரிந்தால் கால் தானாகப் பரபரக்கும். மேட்டர்ஹார்னைச் சுற்றிப் பல பக்கம் பனியாறுகள் குடைந்ததால் கூர்முகடுகள் மிஞ்சின, அதனால் அந்தக் கோடுகள் அவ்வளவு துலக்கம். பொதிகையைப் பனியாறு தொட்டதே இல்லை. மழையும் வெயிலும் தேய்த்த மலை, அதனால் உருண்ட தலைகள். அழகு குறைவில்லை, ஆனால் வழியைப் படிக்கிற முறை வேறு.

நேருக்கு நேர் பார்த்துச் சரிவை முடிவு செய்யாதீங்க. எந்தச் சரிவும் முகத்துக்கு நேரே பார்த்தால் சுவராகத்தான் தெரியும். மேட்டர்ஹார்னின் கிழக்கு முகத்தைச் செர்மாட்டிலிருந்து பார்த்தவர்கள் ஏறவே முடியாது என்று ஒதுக்கினார்கள். எட்வர்ட் விம்பர் என்ற ஆங்கிலேய மலையேறி பக்கவாட்டில் போய்ப் பார்த்து, அது 40 டிகிரியை ஒட்டியது என்று கண்டுகொண்டார். பாறை அடுக்குகளின் சாய்வையும் கவனித்தார். இத்தாலிப் பக்கம் அடுக்குகள் வெளிப்பக்கம் சாய்ந்து ஓட்டுக்கூரை போல வழுக்கும், மறுபக்கம் உள்நோக்கிச் சாய்ந்து படிக்கட்டு போலப் பிடி கொடுக்கும். அந்த வழியில்தான் 1865 ஜூலை 14 அன்று ஏழு பேர் உச்சி தொட்டார்கள். இறங்கும்போது ஒருவர் கால் வழுக்க, கயிறு அறுந்து நால்வர் இறந்தார்கள். ஏறுகிற வழியைப் படித்ததோடு நிற்காமல் இறங்குகிற வழியையும் முன்கூட்டியே படிக்க வேண்டும்.

நம் பக்கத்துக் கரும்பாறையில் மூன்று விஷயம் பார்க்கணும். முகத்தில் கருப்புப் பட்டைகள் தெரிந்தால் அது தண்ணீர் ஓடுகிற தடம், பாசி பிடித்திருக்கும், நனைந்தால் சோப்புதான். வெளிறிய சாம்பல் பகுதியில் கால் வையுங்க. உருண்ட பாறைத்தலை வெங்காயத் தோல் போல ஏடு ஏடாக உரியும். விரல் முட்டியால் தட்டினால் 'டொப்' என்று கூடு ஒலி கேட்கிற ஏட்டில் எடையைப் போடக் கூடாது. மூன்றாவது, மூடுபனி. மழையே இல்லாத நாளிலும் அதிகாலையில் அது பாறையை நனைத்து வைத்திருக்கும்.

கல்லிடைவாசி:

அருமை அண்ணாச்சி. பக்கவாட்டில் போய்ப் பார்க்கிறது எல்லாருக்கும் முடியாதே, சரிவை வரைபடத்தில் அளக்க வழி உண்டா? அப்புறம் சில நாள் மலை வெறும் நீலப் பலகை மாதிரி தட்டையாகத் தெரிகிறது, சில நாள் மடிப்பெல்லாம் தெரிகிறது. அது ஏன்?

கருங்கல்:

சர்வே ஆஃப் இந்தியா 1:50,000 வரைபடத் தாளில் கான்டூர் கோடுகளுக்கு (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கிற கோடுகள்) இடையே 20 மீட்டர் ஏற்றம். தாளில் 1 மி.மீ. என்பது தரையில் 50 மீட்டர். கோடுகள் 1 மி.மீ. தள்ளி இருந்தால் சரிவு 22 டிகிரி, நல்ல நடை. அரை மி.மீ. என்றால் 39 டிகிரி, கை ஊன்றணும். அதற்கும் நெருங்கி ஒட்டினால் பாறைமுகம் என்று எண்ணிக்கொள்ளுங்க. நடக்க ஆகிற நேரத்துக்கு நெய்ஸ்மித் கணக்கு என்று ஒன்று உண்டு: 5 கி.மீ.க்கு ஒரு மணி, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. அது திறந்த மலைக்குப் போட்ட கணக்கு. நம் ஈரக்காட்டில் அட்டையும் வேரும் வழுக்கலும் உண்டு, ஒன்றரை மடங்கு வையுங்க.

சாரல்:

தட்டையாகத் தெரிவதற்கு வெயிலின் திசைதான் காரணம். அம்பையிலிருந்து பொதிகை மேற்கு–தென்மேற்கில் இருக்கிறது. ஜூனில் சூரியன் வடகிழக்கில், கிட்டத்தட்ட உங்கள் முதுகுக்கு நேர் பின்னே உதிக்கும். நிழல் எல்லாம் மலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், மடிப்பு தெரியாது. தென்மேற்குப் பருவ மேகமும் தலையை மூடும். ஜனவரியில் தென்கிழக்கில் உதித்து இடப்பக்கத்திலிருந்து சாய்வாக அடிக்கும். ஒவ்வொரு ஓடைமடுவும் நிழல் கோடாக எழும்பும். வடகிழக்கு மழை காற்றைக் கழுவிவிட்ட மறுநாள், காலை ஒன்பது மணிக்குள் பாருங்க. மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், அப்போது மேல்விளிம்பின் வடிவத்தை மட்டும் படிக்கலாம். மலையின் தலைகளை எண்ண அதுதான் நேரம்.

ஏற நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பக்கம் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம், காரையாறு தாண்டி இஷ்டத்துக்கு நடக்க முடியாது. இப்போது வழி கேரளத்தின் போணக்காட்டிலிருந்துதான். வனத்துறை அனுமதி, வழிகாட்டி, வழக்கமாக ஜனவரி–பிப்ரவரி சீசன். முதல் நாள் அதிருமலை முகாம், மறுநாள் உச்சி. கடைசிப் பாறைகளில் கயிறு கட்டியிருப்பார்கள். முகத்தைப் பாறை பக்கம் திருப்பி, இரண்டு காலையும் அகட்டி, கயிற்றை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடித்து இறங்கணும். மேலே இருக்கிறவர் அதே கயிற்றைச் சுண்டினால் கீழே இருக்கிறவர் கால் பிடிமானம் போய்விடும்.