ஈற்றுப்பையா, ஈறுப்பையா? லேசர் ஈறு சிகிச்சைக்கு ஒரு சொல்

தருமபுரியிலிருந்து:

வணக்கம். 'லேசர் ஸ்கேலிங்' என்பதைச் 'சீரொளிக் காரைநீக்கம்' என்று பெயர்த்தால் செய்தியே தப்பாகிறது. டயோடு லேசரின் ஒளியை (810–980 நானோமீட்டர்) உறிஞ்சுவது ஹீமோகுளோபினும் மெலனினும்தான். பல்லில் படிந்து இறுகிய அழுக்கான பற்காரையை அது பெயர்க்காது. காரையை அல்ட்ராசோனிக் முனையாலும் கைக்கருவியாலும் எடுத்த பிறகே 300–400 மைக்ரான் லேசர் இழையை ஈற்றுப்பைக்குள், அதாவது பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விழும் பள்ளத்துக்குள், விடுகிறோம். அளந்த ஆழத்துக்கு 1 மி.மீ. குறைவாக, 1 வாட் அளவில், நுனியை வேருக்கு இணையாகப் பிடித்து, ஈற்றுப்பக்கச் சுவரை மட்டும் தடவி எடுக்க வேண்டும். ஓரிடத்தில் நிறுத்தினால் சூடேறும். 47 டிகிரி ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு பழுதாகும். நுனியில் ஒட்டும் சதையை ஈரப் பஞ்சில் துடைக்காவிட்டால் அது கருகிச் சூட்டுக்கோலாகிவிடும்.

என் முன்மொழிவு: 'சீரொளி ஈற்றுப்பைத் தூர்வாரல்'.

கிருஷ்ணகிரியிலிருந்து:

'ஈற்றுப்பை' புணர்ச்சிப்படி சரி. ஆனால் மாடு வளர்க்கும் ஊரில் தலையீற்று, இரண்டாம் ஈற்று என்றே பேச்சு; ஈற்றுப்பை என்றால் கருப்பை என்றுதான் காதில் விழும். இலக்கணம் கோபித்தாலும் 'ஈறுப்பை' போதும். ஈழத்தில் ஈற்றை முரசு என்பார்கள். இங்கே அது கொட்டுகிற முரசு. 'பல்லிடுக்கு' வேண்டாம், அது இரு பற்களுக்கு நடுவே உள்ள சந்து.

தூர்வாரல் நல்ல சொல்தான், இடம்தான் மாறிவிட்டது. ஏரியில் தூர் அடியில் கிடப்பது. இங்கே அடியில் கிடப்பது காரை. அதை வாருவது கருவி. லேசர் எடுப்பது கரைச் சுவரின் அழுகல். ஆட்டுக்கல்லில் ஒட்டிய மாவை வழிப்பதுபோல. ஆகவே காரை எடுப்பது 'ஈறடித் தூர்வாரல்', லேசர் வேலை 'ஈறுப்பை வழிப்பு'. எர்பியம்-யாக் என்ற வேறு வகை லேசர் (2940 நானோமீட்டர்) காரையையும் பெயர்க்கும். அதற்கு மட்டும் உங்கள் தூர்வாரல் செல்லும்.

தருமபுரி:

வழிப்பு ஏற்கிறேன். 'சுரண்டல்' என்று யாராவது கொண்டுவரும் முன் முடிவு செய்வோம், கட்டணம் கேட்கும் இடத்தில் அந்தச் சொல் ஆகாது. 'காவி நீக்கம்' என்பதும் வேண்டாம். இந்த மாவட்டத்தில் ஃபுளோரைடு தண்ணீரால் பல் பழுப்பேறியவர்கள் அதையே நம்பி வருவார்கள். அந்தக் கறை எனாமலுக்குள் இருக்கிறது, தூர்வாரினாலும் வழித்தாலும் போகாது.

'சீரொளி' பாடநூலில் இருக்கட்டும். ஒப்புதல் படிவத்தில் இப்படி எழுதலாம்: "முதலில் ஈறடித் தூர்வாரல், 4 மி.மீ.க்கு மேல் ஆழமுள்ள இடங்களில் லேசர் ஈறுப்பை வழிப்பு."