ஸ்பானிஷில் "பேசாதே", "பேசாமல்": இரண்டிலும் தப்பு, ஏன்?

தெம்பனிஸ்வாசி:
வேலை முடிந்து ஸ்பானிஷ் வகுப்புக்குப் போய் நான்கு மாதம் ஆகிறது. "பேசாதே" என்பதற்கு "நோ ஆப்லா" என்று எழுதினேன். "பேசாமல் சாப்பிடு" என்பதற்கு "கோமே சின் ஆப்லாந்தோ". இரண்டையும் ஆசிரியை சிவப்பில் வட்டமிட்டுவிட்டார். "ஆப்லா" என்றால் பேசு. முன்னால் "நோ" போட்டால் போதாதா? வியாழக்கிழமை தேர்வு.

ஈசூன் அக்கா:
ஆங்கிலத்தை நடுவில் இழுக்காதீர்கள் தம்பி. தமிழில் "இல்லை பேசு" என்றா சொல்கிறோம்? "பேசாதே" என்று வினையே உருமாறுகிறது. ஸ்பானிஷில் "நோ"வும் வரும், வினையும் மாறும். அகராதியில் 'ஆர்' என முடியும் வினைக்கு (ஆப்லார்) 'எ' ஒலி: நோ ஆப்லெஸ். 'எர்', 'இர்' என முடிந்தால் 'ஆ' ஒலி: நோ கோமாஸ் (சாப்பிடாதே), நோ எஸ்கிரிபாஸ் (எழுதாதே).

முரண்டு பிடிக்கும் வினை என்றால் "நான்" வடிவத்தைப் பிடியுங்கள். "சொல்கிறேன்" என்பது திகோ. "சொல்லாதே" நோ திகாஸ். "போகாதே" (நோ வாயாஸ்) போன்ற சில இதற்கும் அடங்காது, அவற்றை உருப்போட வேண்டியதுதான். மரியாதையாகப் பேசினால் இந்தத் தகராறே இல்லை: பேசுங்கள் ஆப்லெ, பேசாதீர்கள் நோ ஆப்லெ.

கோப்பி ஓ:
இரண்டாவது தப்பும் ஆங்கிலத்தால் வந்ததுதான். சின் (இல்லாமல்), பாரா (அதற்காக), ஆன்தெஸ் தெ (முன்), தெஸ்புவேஸ் தெ (பின்) எதுவானாலும் சரி, அதன் பின் வினை வந்தால் அகராதியில் இருக்கிற வடிவம்தான். ஆங்கில 'இங்' மாதிரி வரும் "ந்தோ" அங்கே வராது. ஆகவே கோமே சின் ஆப்லார். "வந்ததும்" என்பதற்கு ஆல் யெகார்.

ஒரு எச்சரிக்கை. செய்பவர் இருவர் என்றால் கதை வேறு. "நீ வருவதற்கு முன் நான் சாப்பிடுவேன்" என்பதில் ஆன்தெஸ் தெ கெ யெகெஸ் என்று "கெ" நுழையும். "ஆன்தெஸ் தெ கெ" வந்தால் அக்கா சொன்ன 'எ', 'ஆ' வடிவமும் கூடவே வரும்.

தெம்பனிஸ்வாசி:
அட, தமிழ் இவ்வளவு கைகொடுக்குமா! அப்புறம், ஒரு ஹோட்டல் படத்தில் இருந்த பலகையில் "நோ ஃபூமார்" என்று பார்த்தேனே? "ஃபூமெஸ்" வர வேண்டாமா? "அதை என்னிடம் சொல்லாதே" என்பதற்கு "நோ தீமெலோ" சரியா?

ஈசூன் அக்கா:
பலகை யாரையும் நேராகக் கூப்பிடுவதில்லை. "புகைபிடிக்கக் கூடாது" என்று எழுதுகிறோமே, அந்த மாதிரி. அங்கே அகராதி வடிவம் செல்லும். மகனை அதட்ட அது உதவாது. "அதை என்னிடம் சொல்" என்பதற்கு "தீமெலோ" சரி, ஆனால் "நோ" வந்ததும் வாலில் ஒட்டிய "மெ" (என்னிடம்), "லோ" (அதை) இரண்டும் வினைக்கு முன்னால் ஓடிவிடும்: நோ மெ லோ திகாஸ்.

தெம்பனிஸ்வாசி:
அப்படியானால் "தோகார்", தொடு. "தொடாதே" நோ தோசெஸ். சரிதானே?

கோப்பி ஓ:
விதி சரி, எழுத்து தப்பு. 'எ' முன்னால் வந்தால் 'சி' எழுத்தின் 'க' ஒலி போய்விடும். அதைக் காப்பாற்ற 'சி'யை எடுத்துவிட்டு 'கியூ யூ' போடுவார்கள்: நோ தோகெஸ். மேலே சொன்ன "யெகெஸ்"ஸிலும் இதே காரணத்தால் 'ஜி'க்குப் பின் ஒரு 'யூ' ஒளிந்திருக்கிறது. தேர்வில் அங்கேதான் மாட்டுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.