90 நாள் விதி: பயணிகளுடன் மாலை நேரப் பறப்பு குறித்து ஓர் ஐயம்

கேள்வி

அமெரிக்காவில் தனியார் விமானி உரிமம் பெற்று, செஸ்னா 172 விமானத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டி வருகிறேன். வேலைப்பளுவால் சில மாதங்களாகப் பறக்கவில்லை. பெற்றோரை அழைத்துக்கொண்டு ஒரு பிற்பகலில் கிளம்பி, சூரியன் மறைந்த பிறகு திரும்ப விரும்புகிறேன். சென்ற ஆண்டு பயிற்றுநருடன் முடித்த பறப்பு மீளாய்வு இதற்குப் போதுமா? போதாதெனில், விமானியான என் நண்பரை அருகில் அமர்த்திக்கொண்டு தேவையான தரையிறக்கங்களைச் செய்யலாமா?

முதல் பதில்

போதாது. 24 மாதங்களுக்கு ஒருமுறை செய்யும் மீளாய்வு, அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளில் விதி 61.56-இன் கீழ் வருவது. பயணிகளை ஏற்றும் தகுதியோ விதி 61.57-இன் கீழ் வருவது. முந்தைய 90 நாட்களுக்குள் அதே வகை, அதே வகுப்பைச் சேர்ந்த விமானத்தில் (உங்களுக்கு, தரையில் இறங்கும் ஒற்றை எஞ்சின் விமானம்), கட்டுப்பாடுகளை நீங்கள் ஒருவரே கையாண்டு, மூன்று முறை மேலெழும்பி மூன்று முறை தரையிறங்கியிருக்க வேண்டும். பகலில் சக்கரம் தரையைத் தொட்டவுடன் மீண்டும் எழும்பினாலும் கணக்கில் சேரும். வால்சக்கர விமானமாக இருந்தால் மட்டும் ஒவ்வொரு முறையும் முழுமையாக நிறுத்த வேண்டும்.

நண்பரைப் பொறுத்தவரை, யார் முதன்மை விமானி என்பதே கேள்வி. அந்தப் பொறுப்பு உங்களுடையதாக இருந்தால், உரிமம் வைத்திருந்தாலும் அவர் பயணிதான். ஆகவே அவரை ஏற்றக்கூடாது. 90 நாள் தகுதி உள்ள அவர் பொறுப்பை ஏற்று, நீங்கள் விமானத்தைக் கையாண்டால், அந்தத் தரையிறக்கங்கள் உங்கள் கணக்கில் சேரும். இதை எஞ்சினை இயக்கும் முன்பே வெளிப்படையாகப் பேசி முடிவு செய்வதோடு, வாடகை நிறுவனமும் காப்பீடும் அவரை முதன்மை விமானியாக ஏற்கின்றனவா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தனியாகப் பறந்தோ பயிற்றுநருடன் பறந்தோ முடிப்பது இதைவிட எளிது என்பது என் கருத்து.

இரண்டாம் பதில்

மாலை என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். சூரியன் மறைந்ததும் விமானத்தின் விளக்குகள் எரிய வேண்டும். அந்தி ஒளி முடிந்த பிறகு பறக்கும் நேரத்தையே பதிவேட்டில் இரவுப் பறப்பாக எழுதலாம். பயணிகளுக்கான இரவு விதியோ சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்கி, சூரிய உதயத்திற்கு ஒரு மணி நேரம் முன்பு முடிகிறது. அந்த நேரத்தில் பயணிகளுடன் வானில் இருப்பதற்கே, அதே இரவு நேர வரம்புக்குள் முழுமையாக நிறுத்திச் செய்த மூன்று தரையிறக்கங்கள் 90 நாட்களுக்குள் இருக்க வேண்டும். எதிர்க்காற்றாலோ எரிபொருள் நிரப்பும் தாமதத்தாலோ அந்த எல்லையைத் தாண்டிவிடுவது மிக எளிது.

கேட்டவர்

மிக்க நன்றி. இரவில் மூன்று தரையிறக்கங்களை முடித்துவிட்டால், அவையே பகலுக்கும் பொருந்துமா? அதன்பின் தயக்கமின்றிப் பெற்றோரை ஏற்றலாமா?

மூன்றாம் பதில்

பொருந்தும், சட்டப்படி ஏற்றலாம். ஆனால் நீங்கள் தனியாகச் செய்யும் அந்த மூன்று சுற்றுகளிலும் விமானம் இலகுவாக இருக்கும். பின் இருக்கையில் ஆள் அமர்ந்ததும் எடை கூடி, ஈர்ப்பு மையம் பின்னோக்கி நகர்கிறது. ஓடுபாதையில் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருக்கிறது, மேலேறும் வேகம் குறைகிறது, மூக்கை உயர்த்தும்போது கையில் உணரும் இழுப்பும் மாறுகிறது. இவை எதையும் 90 நாள் விதி சோதிப்பதில்லை.

விளக்குகள் நிறைந்த விமான நிலையத்தைச் சுற்றி வருவதும், இருண்ட நீர்ப்பரப்பின் மேல் அடிவானம் தெரியாமல் பறப்பதும் வெவ்வேறு திறன்கள். 1999 ஜூலை 16 இரவு, முன்னாள் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் ஓட்டிய பைப்பர் சரடோகா விமானம் மார்த்தாஸ் வினியார்ட் தீவருகே கடலில் விழுந்து, அவரும் உடன் சென்ற இருவரும் இறந்தனர். திசையுணர்வு குழம்பிக் கட்டுப்பாட்டை இழந்ததே காரணம் என்றும், புகைமூட்டமும் இருளும் அதற்குத் துணைபோயின என்றும் விசாரணை வாரியம் முடிவு செய்தது.

ஆகையால், உங்கள் பயிற்றுநருடன் ஒரு மாலை பறக்கும்போது, இயன்றால் பின் இருக்கையில் அனுமதிக்கப்பட்ட எடையை ஏற்றிக் கட்டி, பக்கவாட்டுக் காற்றில் சில தரையிறக்கங்களையும், கருவிகளை மட்டும் பார்த்துத் திரும்பும் பயிற்சியையும் செய்யுங்கள். அம்மா அப்பாவுடன் செல்லும் முதல் பயணத்தைச் சூரியன் மறைவதற்கு முன்பே முடிக்கும்படி திட்டமிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.