‘ஆல்ட் லாங் சைன்’ டிராம்போன் தனிக்கு எந்தச் சுருதி?

குலசேகரம் கிளாரினெட்:
எங்கள் கிறிஸ்தவக் கோயில் பேண்டில் இருபத்தாறு பேர். நான் கிளாரினெட், எல்லோருக்கும் நொட்டேஷன் எழுதுவதும் நானே. நாற்பது வருடம் டிராம்போன் வாசித்த எங்கள் சித்தப்பா இந்த டிசம்பர் 31 இரவு ஆராதனையோடு நிறுத்திக்கொள்கிறாராம். அன்று இந்த ஸ்காட்லாந்துப் பாட்டை அவர் முன்னால் நின்று வாசிக்க, பேண்ட் பின்னணியில் வர வேண்டுமாம்.

எஃப் மேஜர் சுருதியில் எழுதினேன். முதல் சுரமே கீழ் சி. டிராம்போனில் முன்னும் பின்னும் இழுக்கிற ஸ்லைடு குழாய்க்கு ஏழு பொசிஷன்; இந்தச் சுரத்துக்கு ஆறாவது வரை நீட்ட வேண்டும். திற்பரப்பு இறக்கத்தில் ஸ்கூட்டரோடு விழுந்த நாள் முதல் அவருடைய ஸ்லைடு ஐந்தைத் தாண்டினால் சிக்கிக்கொள்கிறது. வேறு வாங்கலாம் என்றால், “ஒரு ராத்திரிக்காகவா?” என்கிறார். விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிற மனிதரிடம் அதற்குமேல் என்ன பேசுவது?

போதாக்குறைக்கு, சின்ன டியூபா போன்ற பித்தளை வாத்தியமான யூஃபோனியம் இரண்டும் சேர்ந்தால் அவர் சத்தமே கேட்பதில்லை. மூன்று சரணமும் ஒரே மாதிரி வேறு. பழைய மெட்டில் கைவைக்கலாமா?

களியக்காவிளை பட்டாளத்தான்:
தம்பி, ஏ பிளாட்டுக்கு மாற்றுங்கள். இந்த மெட்டில் ம, நி கிடையாது. நம் மோகனத்தின் ஐந்து சுரங்கள்தான். ஏ பிளாட்டில் ச, க, ப மூன்றும், மேல் சட்ஜமும், தொடங்குகிற கீழ்ப் பஞ்சமமும் மூன்றாம் பொசிஷனில் கிடைக்கும். ரி, த இரண்டும் முதல் பொசிஷன். ஸ்லைடு அசையாமல் உதட்டாலேயே பாதிச் சுரங்கள் மாறுவதால் இழுவைச் சத்தமும் வராது. கிளாரினெட்டுக்கும் டிரம்பெட்டுக்கும் நொட்டேஷனில் இரண்டே பிளாட் குறி. புல்லாங்குழல்காரர் நான்கு பிளாட்டைப் பார்த்து முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

வேகம் கூட்டாதீர்கள். டேராடூன் ராணுவ அகாடமியில் பயிற்சி முடித்து வெளியேறும் அணிவகுப்பில் இதே மெட்டை மெதுநடையில் வாசிப்பார்கள். அந்த நடைதான் இதற்குப் பொருந்தும்.

கொல்லங்கோடு யூஃபோனியம்:
பழி எப்போதும் எங்கள்மேல்தான்! ஆனாலும் சொல்கிறேன்: முதல் சரணத்தில் யூஃபோனியத்தை நிறுத்துங்கள். டிராம்போனும் அதுவும் ஒரே உயரத்தில் பேசுகிறவை. டியூபாவும் பாரிடோன் சாக்ஸும் கீழே ச‑ப பிடிக்கட்டும். பேக்பைப்புக்கும் அந்த ரீங்காரம் உண்டு, நம் தம்புராவுக்கும் உண்டு. இரண்டாம் சரணம் முழு பேண்டுக்கு. பெரியவர் உதட்டுக்கு ஓய்வு கிடைத்தால்தான் கடைசியில் மேல் ஏ பிளாட் நிற்கும்.

மெட்டில் கைவைக்கப் பயம் வேண்டாம். ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் வரிகள் 1796‑இல் அச்சானபோது மெட்டே வேறு. இன்றைய மெட்டு 1799‑இல் சேர்ந்தது. அதற்காக அமெரிக்காவின் சூசா பேண்டில் டிராம்போன் வாசித்த ஆர்தர் பிரையர் ‘புளூ பெல்ஸ் ஆஃப் ஸ்காட்லாண்ட்’ மெட்டை வேக வித்தைகளோடு பறக்கவிட்டாரே, அந்த வழிக்குப் போகாதீர்கள்.

குலசேகரம் கிளாரினெட்:
நேற்று ஏ பிளாட்டில் எழுதிக் கொடுத்தேன். ஸ்லைடு ஓரிடத்திலும் சிக்கவில்லை. மேல் ஏ பிளாட் மூன்று தடவையில் இரண்டு தடவை வந்தது. ஓய்வு என்றதும்தான் கோபம்: “என் பாட்டில் நான் எதற்கு வேடிக்கை பார்க்க வேண்டும்?” அதனால் இரண்டாம் சரணத்தில் அவருக்குக் கீழ்ச்சுரங்களில் ஒரு துணைமெட்டு எழுதுகிறேன், டி பிளாட்டுக்குக் கீழே இறங்காமல்.

யூஃபோனியம்காரர்கள் சம்மதித்துவிட்டார்கள். ஒருவர் மட்டும், சும்மா நிற்கிற நேரத்தில் பேஸ் டிரம் அடிக்கலாமா என்று கேட்கிறார்.