தொப்பூர் ஏற்றத்தில் லிம்ப் மோடு: டர்போ மாற்றித்தான் ஆகணுமா?

சேலத்து டீசல்:
வணக்கம். என்னுடையது 2010 மாடல் டீசல் கார், 1.3 லிட்டர், விஜிடி டர்போ (உள்ளே அசையும் இறகுகள் உள்ள டர்போ). டவுனுக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. தருமபுரி போகிற வழியில் தொப்பூர் ஏற்றத்தில் நாலாவது கியரில் அழுத்தினால் சட்டென்று இழுவை போய்விடுகிறது. செக் இன்ஜின் லைட் எரிகிறது, அப்புறம் 2500 ஆர்பிஎம் தாண்டாது (இன்ஜின் தன்னைக் காத்துக்கொள்ள சக்தியைக் குறைத்துக்கொள்ளும் இதைத்தான் லிம்ப் மோடு என்கிறார்கள்). பின்னால் வரும் லாரிக்காரர் ஹாரனிலேயே திட்டுகிறார். ஓரம் கட்டி, ஆஃப் பண்ணி ஸ்டார்ட் செய்தால் மறுபடி நன்றாக ஓடுகிறது. புகை இல்லை, விசில் சத்தம் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் டர்போ போச்சு, புதுசு போடணும் என்கிறார்கள். போடலாமா?

கரூர்_பாலு:
வேக்குவம் ட்யூப் வெடித்திருக்கும். என் வண்டியிலும் இழுவை இல்லாமல் இருந்து, சின்ன ரப்பர் ட்யூப் மாற்றியதும் சரியாகிவிட்டது.

பழைய மெக்கானிக்:
தம்பி, முதலில் ஸ்கேனரில் வரும் பிழைக் குறியீட்டு (கோடு) நம்பர் என்னவென்று கேட்டு வாங்குங்கள். பி0299 என்றால் காற்றழுத்தம் குறைவு, பி0234 என்றால் அதிகம். இரண்டுக்கும் லிம்ப் மோடு ஒரே மாதிரிதான் தெரியும், வைத்தியம் வேறு.

சேலத்து டீசல்:
ஸ்கேனர் வைத்திருக்கும் நண்பர் பார்த்தார் அண்ணா. பி0234. இசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) 210 கிலோபாஸ்கல் காற்றழுத்தம் கேட்கும்போது 250 வரை போகிறதாம்.

பழைய மெக்கானிக்:
அப்படியானால் கேட்டதைவிட அதிகமாக ஊதுகிற டர்போவை எப்படிச் செத்துப்போச்சு என்கிறார்கள்? அந்த 250-இல் வெளிக்காற்றின் அழுத்தமும் சேர்ந்திருக்கிறது. டர்போ ஏற்றியது ஏறக்குறைய 1.5 பார்.

பாலு சொன்னது அவர் வண்டிக்குச் சரி. இந்த மாதிரி டர்போவில் வேக்குவம் இழுத்தால்தான் உள்ளே இருக்கும் இறகுகள் மூடி, காற்றழுத்தம் ஏறும். ட்யூப் லீக் ஆனால் இறகுகள் திறந்தே கிடக்கும், அழுத்தம் குறையும். உங்களுக்கு நடப்பது நேர் எதிர். மூடிய இறகு நேரத்துக்குத் திறக்கவில்லை. டவுனிலேயே மெதுவாக ஓடும் வண்டியில் கரி படிந்து இறகு இறுகிவிடும். ஏற்றத்தில் முழுசாக மிதிக்கும்போதுதான் அது தெரியும்.

இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து மேப் சென்சார் (இன்ஜினுக்குப் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) அளவைப் பாருங்கள். சேலத்தில் வெளிக்காற்றின் அழுத்தமான 97, 98 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும் (ஊட்டியில் 77, 78-தான் காட்டும், பயப்பட வேண்டாம்). அது சரியென்றால், கையால் இழுக்கும் வேக்குவம் பம்பை ஆக்சுவேட்டரில் (வேக்குவத்தால் கம்பியை இழுத்து இறகுகளை அசைப்பது) மாட்டி மெல்ல இழுத்து, மெல்ல விடச் சொல்லுங்கள். கம்பி வழுக்கிக்கொண்டு போய்த் திரும்ப வேண்டும். ஆக்சுவேட்டருக்குப் போகும் வேக்குவத்தைக் கட்டுப்படுத்தும் சொலினாய்டு வால்வில் காற்று உள்ளே வரும் ஃபில்டர் அடைத்திருந்தாலும் இதே கோடு வரும், ஏனென்றால் இழுத்த வேக்குவம் விடுபடாது. அதையும் ஊதிப் பார்த்துவிடுங்கள்.

சேலத்து டீசல்:
சாவி ஆன் செய்ததும் 98 காட்டுகிறது. ஃபில்டரில் அடைப்பு இல்லை. கம்பி போகும்போது பாதியில் நின்று துள்ளிப் போகிறது. திரும்பும்போது ஒட்டிக்கொள்கிறது.

கரூர்_பாலு:
ஆக்சுவேட்டர் கெட்டிருக்குமோ?

பழைய மெக்கானிக்:
இருக்கலாம். கம்பியை, இறகுகளைத் திருப்பும் லீவரில் இருந்து கழற்றிவிட்டு லீவரைக் கையால் ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். லீவரே இறுக்கமாக இருந்தால் கரிதான். டர்போவை இறக்கி, சூடான பக்கத்தை (புகை போகும் பக்கம்) பிரித்து, இறகு வளையத்தைச் சுத்தம் செய்தால் போதும். ஷாஃப்டில் ஆட்டம் இருந்தால் மட்டும் புது டர்போ பற்றிப் பேசலாம். ஸ்பிரே அடித்தே சரி பண்ணுகிறேன் என்பார்கள். சில வண்டிக்குப் பிடிக்கும், கொஞ்ச நாளில் திரும்பி வரும்.

பிரிக்கும் முன் டர்போவின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு அடையாளக் கோடு கீறச் சொல்லுங்கள். திருப்பி மாட்டும்போது கோணம் மாறக் கூடாது. லீவர் எதுவரை போகலாம் என்று நிறுத்தும் ஸ்டாப் ஸ்க்ரூவை யாரும் தொட வேண்டாம், அதைத் திருகி அழுத்தத்தைக் குறைத்துத் தருகிறேன் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். கேஸ்கெட் எல்லாம் புதுசு. ஆயில் வரும் பைப்பைக் கழற்றும்போதே உள்ளே அடைப்பு இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள், ஆயில் வராவிட்டால் புது டர்போவும் நிற்காது.