பென்டியம் 4 மதர்போர்டில் கப்பாசிட்டர் உப்பியிருக்கு: எதைப் போடுறது?

கேள்வி (சம்மாந்துறை)

அரிசி ஆலையில் லொறி நிறுக்கிற தராசோட இணைச்ச கம்பியூட்டர். பென்டியம் 4, 478 சொக்கட், விண்டோஸ் எக்ஸ்பி. தராசு மென்பொருளின் பூட்டு பேரலல் போர்ட்டில் (பழைய பிரிண்டர் செருகுற இடம்) குத்துற வகை, அதனால புது மெஷினுக்கு மாத்த வழியில்லை. காலையில் பவர் பட்டனை அழுத்தினா ஃபேன் சுத்தும், திரையில் ஒண்டும் வராது. நாலைஞ்சு தரம் போட்டு நிப்பாட்டினா ஓடும். ஓடத் தொடங்கினாலும் இடையில் தானா ரீஸ்டார்ட் ஆகுது. ப்ரொசசருக்குப் பக்கத்தில் உள்ள 6 கப்பாசிட்டரில் 4 உச்சி உப்பியிருக்கு, ஒண்டின் அடியில் பழுப்புக் கசிவு. 3300 மைக்ரோஃபரட், 6.3 வோல்ட். ரேம் பக்கத்து 1000/6.3 எல்லாம் பார்வைக்கு நல்லா இருக்கு. இங்க கடையில் சாதாரண 3300/10 கிடைக்குது, போடலாமா? கையில் ஈயம் பத்தவைக்கிற 25 வாட் அயன் இருக்கு.

மறுமொழி (களுவாஞ்சிக்குடி)

அதைப் போட வேண்டாம் தம்பி. அளவும் வோல்ட்டும் பொருந்தினாலும் உள்தடை பொருந்தாது. அந்த ஆறும் ப்ரொசசருக்கு 1.5 வோல்ட் அளவில் 40, 50 ஆம்பியர் கொடுக்கிற பகுதியில் நிற்கிறவை. 12 வோல்ட்டை நொடிக்கு லட்சக்கணக்கான தடவை வெட்டித்தான் அந்த 1.5 வருது, வெட்டுறதால வாற அலையைச் சமப்படுத்துறது இவையின் வேலை. அதுக்கு உள்தடை 10 முதல் 15 மில்லி ஓமுக்குள்ள இருக்க வேணும். பொது ரகத்தில் அது பல மடங்கு. அலை அடங்காது, கப்பாசிட்டரும் சூடாகித் திரும்ப உப்பும்.

காலையில் மட்டும் அடம்பிடிக்கிறதுக்கும் இதே காரணம். காய்ந்துபோன எலக்ட்ரோலைட்டுக்கு (கப்பாசிட்டருக்குள்ள இருக்கிற திரவம்) குளிரில் தடை கூட, சூடேறக் குறையும். அதனாலதான் பல தரம் போட்டபிறகு ஓடுது. மல்டிமீட்டரின் கப்பாசிட்டர் அளவீட்டை நம்பாதீங்க. மைக்ரோஃபரட் சரியாகக் காட்டும், உள்தடை கெட்டிருக்கும். போர்டில் வச்சே ஈ.எஸ்.ஆர். மீட்டரால் (உள்தடையை அளக்கிற மீட்டர்) அளந்தாலும் ஆறும் பக்கவாட்டில் இணைஞ்சிருக்கிறதால நல்லது கெட்டதை மறைச்சிரும்.

கழற்ற முதல் பவர் சப்ளையைப் பாருங்க. லோடு இருக்கும்போது 12 வோல்ட் லைன் 11.4க்கும் 12.6க்கும் இடையில், 5 வோல்ட் லைன் 4.75க்கும் 5.25க்கும் இடையில் நிற்க வேணும். நிற்காட்டி அதை மாத்துங்க, இல்லாட்டி புதுக் கப்பாசிட்டரும் பழுதாகும். பவர் சப்ளையைத் திறக்க வேண்டாம். உள்ளுக்கு 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும்.

மறுமொழி (காத்தான்குடி)

அண்ணன் சொன்னதோட சேர்த்து: அந்த ஆறுக்கும் பொலிமர் வகை போடுறது நல்லது. 820 மைக்ரோஃபரட், 2.5 வோல்ட், 8 மி.மீ. விட்டம் போதும். உள்தடை 10 மில்லி ஓமுக்கும் கீழே, காயுற திரவமும் உள்ளுக்கு இல்லை. ஆனா 2.5 வோல்ட் ப்ரொசசர் லைனுக்கு மட்டும்தான். ரேம் பக்கத்தில் 3.3 வோல்ட் ஓடுற இடங்களும் இருக்கும், அங்க கட்டாயம் 6.3. 12 வோல்ட் உள்ள வாற இடத்தில் 16. ஆறில் நாலை மட்டும் மாத்தி ரெண்டை விடாதீங்க, எல்லாம் ஒரே வகையா இருக்கட்டும். ரேம் பக்கத்தவை அதே பிராண்ட் எண்டா அவையையும் மாத்துங்க. உப்பாமலே செத்துப்போறது உண்டு. அங்க பானசோனிக் எஃப்.ஆர். அல்லது எஃப்.எம். வரிசை சரி. வாங்க முதல் கால் இடைவெளியை அளங்க: 8 மி.மீ. உடம்புக்கு 3.5, 10 மி.மீ. உடம்புக்கு 5. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கேட்டுப் பாருங்க, ஆனா போலி நிறைய. அச்சு மங்கலா, உறை தளர்வா இருந்தா விட்டிருங்க.

25 வாட் காணாது. கிரவுண்ட் (நெகட்டிவ்) கால் போர்டுக்கு உள்ளுக்கு இருக்கிற செம்புத் தளத்தோட சேர்ந்திருக்கும், அது சூட்டை இழுத்திரும். 60 வாட், 3 மி.மீ. தட்டை முனை எடுங்க. முதல்ல படம் எடுங்க, பிறகு ஒவ்வொரு காலுக்கும் கொஞ்சம் 63/37 ஈயம் (63% வெள்ளீயம், 37% காரீயம்) புதுசாக் கொடுங்க, பழைய ஈயம் இலகுவா உருகும். ஒரு காலைச் சூடாக்கி உடம்பைச் சரிச்சு, மற்றக் காலைச் சூடாக்கி எதிர்ப்பக்கம் சரிச்சு, மெல்ல மெல்ல வெளியே கொண்டு வாங்க. பலமா இழுக்கக் கூடாது. துளையில் நிற்கிற ஈயத்தை உருக்கிப் பம்பால் உறிஞ்சுங்க, அடைபட்டா துருப்பிடிக்காத எஃகு ஊசியைச் சூட்டோட தள்ளலாம், அதில் ஈயம் ஒட்டாது. ட்ரில் வேண்டவே வேண்டாம்.

திசை கவனம். போர்டில் வெள்ளை அடிச்ச பாதி அநேகமா நெகட்டிவ், சில தயாரிப்பில் மறுதலை. மீட்டரில் கிரவுண்டோட தடை கிட்டத்தட்டப் பூச்சியமாக் காட்டுற துளைதான் நெகட்டிவ். பொலிமரின் தலையில் நிறம் பூசின ஓரமும் நெகட்டிவ்.

கேட்டவர் (சம்மாந்துறை)

நன்றி நானா. 5 சரியா வந்திட்டுது. ஆறாவதின் பொசிட்டிவ் காலோட துளைக்குள்ள இருந்த செம்பு வளையமும் சேர்ந்து வந்திட்டுது. போர்ட் போச்சா?

மறுமொழி (வாழைச்சேனை)

போகல்ல. ஆறின் பொசிட்டிவும் ஒரே இடத்துக்குத்தான் போகுது, மீட்டரால் உறுதிப்படுத்துங்க. கப்பாசிட்டரைப் போட்டு, அந்தக் காலைப் பின்பக்கமா பக்கத்துக் கப்பாசிட்டரின் பொசிட்டிவ் காலோட தடிச்ச செம்புக் கம்பியால் இணைங்க. முடிஞ்சளவு கட்டையா இருக்கட்டும். நீளக் கம்பி அலையை அடக்க விடாது. மற்றத் துளைகளைச் சுத்திச் சுரண்டுப்பட்டுச் செம்பு தெரிஞ்சா மேல்பக்கமும் கொஞ்சம் ஈயம் ஓடவிடுங்க.

கசிஞ்ச இடத்தை ஐசோப்ரோபைல் அல்ககோலும் பழைய டூத் பிரஷும் வச்சுக் கழுவிக் காயவிடுங்க, அந்தத் திரவம் செம்பை அரிக்கும். முதல் தடவை ஹார்ட் டிஸ்க் இணைக்காம ஓடவிட்டு, புதுக் கப்பாசிட்டரில் ஒண்டின் இரு காலிலும் மீட்டரை வைங்க. நோர்த்வுட் ப்ரொசசர் (பென்டியம் 4இல் ஒரு வகை) எண்டா 1.5 அளவில் ஆடாம நிற்க வேணும். பிறகு ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஒரு சுற்று முழுசா ஓடவிடுங்க.

ஆலையில் உமித்தூசு ஹீட்சிங்கை அடைக்கும். 10 பாகை கூடினா எலக்ட்ரோலைட் கப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகுது எண்டு கணக்கு, ரேம் பக்கத்தவை அந்த வகைதானே. மாதம் ஒருக்கா தூரிகையால் தட்டி ஊதிவிடுங்க. ஊதும்போது ஃபேனை விரலால் பிடிச்சுக்கொள்ளுங்க.