எச்ஐவி சி வகை ஆன்டிபாடி: ஆய்வக அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் புராஜெக்டுக்காகக் கேட்கிறேன்.

இந்தியாவில் பரவியிருக்கும் எச்ஐவி பெரும்பாலும் சி வகை. அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் பி வகைதான் அதிகம். வைரஸின் வெளி உறையில் இருக்கும் ஜிபி120 புரதத்தில் வி3 என்ற வளையப் பகுதி உண்டு; அதன் நுனியில் பி வகைக்குப் பொதுவாக ஜிபிஜிஆர், சி வகைக்கு ஜிபிஜிகியூ என்ற அமினோ அமில வரிசை. ஒவ்வொரு எழுத்தும் ஓர் அமினோ அமிலம்; கடைசி எழுத்து ஒன்றுதான் வேறு. அதற்கே வி3-இல் ஒட்டும் 447-52டி என்ற ஆன்டிபாடி பி வகை வைரஸ்கள் பலவற்றைத் தடுத்தும், சி வகையிடம் பெரும்பாலும் தோற்றுப்போகிறது. நம் மக்களுக்கும் பலன் தரும் தடுப்பூசி வேண்டுமென்றால் இது சின்ன விஷயம் இல்லை.

சரி, என் கேள்வி: சி வகைத் தொற்றுள்ளவர்களின் சீரத்தை பி வகை வைரஸோடு டிஇசட்எம்-பிஎல் செல்களில் (வைரஸ் தடுக்கப்படுகிறதா என்று பார்க்க ஆய்வகத்தில் பயன்படுத்தும் செல்கள்) சோதித்தவர்கள் இருக்கிறீர்களா? வி3 வித்தியாசம் மட்டும்தான் காரணமா, ஜிபி120-இன் இன்னொரு பகுதியான வி1வி2 அந்த வி3-ஐ மறைப்பதும் சேருமா? அப்புறம், சீரத்தை எந்த நீர்ப்பில் (டைலியூஷன்) தொடங்கினீர்கள்?